'சிஸ்டர்' ஆவதற்கு எத்தனை வருஷம்?

பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் ஆப்பிரிக்க நர்ஸுகள்

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வெள்ளை உடுப்புப் போட்டு வார்டில் நடமாடும் பெண் யாராக இருந்தாலும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறோம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் சிஸ்டர்தான். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவரும் சிஸ்டர்தான். இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே 'சிஸ்டர்' என்பது ஒரு பதவி. வார்டின் பொறுப்பு முழுவதும் அவருடையது. யாருக்குப் பகல் டியூட்டி, யாருக்கு இரவு டியூட்டி, யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் கையில். அவருக்கு மேலே மேட்ரன். அவருக்குக் கீழே ஸ்டாஃப் நர்ஸ். 2004-ல் வந்த புதிய சம்பளத் திட்டத்தின்படி பார்த்தால், தகுதி பெற்ற நர்ஸ் ஐந்தாம் கிரேடில் நுழைகிறார். வார்டை நடத்தும் சிஸ்டர் ஏழாம் கிரேடில் இருக்கிறார்.

ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே இரண்டே படிகள்தான். ஆனால் நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் போன பெண்களில் எத்தனையோ பேர் அந்த இரண்டு படிகளை ஏறுவதற்குள் ரிடையராகி விட்டார்கள். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. சீனியாரிட்டி இருந்தும் அடுத்தவன் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்ன என்று தெரிந்தவர்கள் தெரிந்தவர்களே.

அரசகுமாரியும் ஒரு நர்ஸ்

இந்தக் கதையின் ஆரம்பம் ஏழ்மையில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நைஜீரியாவில் அபியோகுட்டா என்ற ஊரை ஆண்ட அரசரின் மகள் அடெமோலா. அவர் லண்டனுக்குப் போய் கைஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தார். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசகுமாரி ஒருத்தி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்கிறாள் என்பதைக் காட்டினால் மேற்கு ஆப்பிரிக்க மக்களுக்கு சாம்ராஜ்யத்தின் மேல் பற்று வளரும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். அவரை வைத்து ஒரு திரைப்படமே எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர் கோஃபோவொரோலா அபெனி பிராட். லாகோஸ் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நர்ஸ் ஆக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசை. ஆனால் காலனி ஆட்சியில் பெரிய ஆஸ்பத்திரிகளின் நர்ஸிங் உத்தியோகங்களில் வெள்ளைக்காரப் பெண்களே அமர்ந்திருந்தார்கள். அவர் டீச்சர் வேலைக்குப் போனார். பிறகு கணவர் மருத்துவம் படிக்க லண்டன் போனபோது, 1946-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் தொடங்கிய செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிப் பள்ளியிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் நோயாளி ஒருவர், கறுப்பு நர்ஸ் தன்னைத் தொடக்கூடாது என்று மறுத்துவிட்ட சம்பவமும் உண்டு. அவர் பயிற்சியை விடவில்லை. 1950-ல் தகுதி பெற்றார்.

இடையில், 1948 ஜூலை 5-ந் தேதி, பிரிட்டனில் யாரும் காசு கொடுக்காமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் தேசிய சுகாதார சர்வீஸ் தொடங்கியிருந்தது. அதில் வேலை பார்த்த முதல் கறுப்பு நர்ஸ் பிராட்தான் என்று சொல்கிறார்கள்.

1954-ல் அவர் நாடு திரும்பினார். இபாடன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார மேட்ரன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் முதன்முதலாக அமர்ந்த நைஜீரியப் பெண் அவர். பிறகு நாட்டின் தலைமை நர்ஸிங் அதிகாரியானார். லாகோஸ் மாநிலத்தின் சுகாதாரக் கமிஷனராகவும் இருந்தார். 1973-ல் செஞ்சிலுவைச் சங்கம் நைட்டிங்கேல் பதக்கம் வழங்கியது. 1992-ல் காலமானார். போய்ப் படித்து, திரும்பி வந்து, நாற்காலியைப் பிடித்தவர் அவர். அவரைப் பார்த்து எத்தனையோ பெண்கள் கப்பல் ஏறினார்கள். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாதை திறக்கவில்லை.

இரண்டு வாசல்கள்

புதிய சர்வீஸுக்கு ஆள் போதவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் டைப்பிஸ்ட் வேலைக்கும் கடை வேலைக்கும் போய்விட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகள், அயர்லாந்து, ஆப்பிரிக்கா என்று பல இடங்களிலிருந்தும் பெண்களை வரவழைத்தார்கள். இங்கேதான் சூட்சுமம்.

அந்தக் காலத்தில் நர்ஸ் படிப்புக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று மூன்று வருஷப் படிப்பு. முடித்தால் ஸ்டேட் ரிஜிஸ்டர்டு நர்ஸ், சுருக்கமாக எஸ்.ஆர்.என். இன்னொன்று இரண்டு வருஷப் பயிற்சி. முடித்தால் ஸ்டேட் என்ரோல்டு நர்ஸ், எஸ்.இ.என். இந்த இரண்டாம் தரம் 1943-ல் ஒரு சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. பார்வைக்கு இருவரும் நர்ஸ்தான். வார்டில் செய்யும் வேலையிலும் பாதிக்கு மேல் ஒன்றுதான். ஆனால் எஸ்.ஆர்.என். படித்தவர் சிஸ்டர் ஆகலாம், மேட்ரன் ஆகலாம். எஸ்.இ.என். படித்தவர் கடைசி வரை எஸ்.இ.என். போதாக்குறைக்கு, சொந்த ஊருக்குத் திரும்பினால் அந்தச் சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பே இல்லை.

கப்பலேறி வந்த பெண்ணுக்கு இந்த வித்தியாசம் என்ன தெரியும்? பள்ளிக்கூடப் பரீட்சையில் போதிய மார்க் வாங்கியவர்களையும்கூட இரண்டு வருஷப் பயிற்சியில் தள்ளினார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'நர்ஸ் பயிற்சி' என்றுதான் இருந்தது. சிலருக்கு இரண்டு வருஷம் முடிந்து தேர்வும் எழுதிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் ஊரிலே தாய் தகப்பனார் "எங்கள் மகள் லண்டனில் நர்ஸ்" என்று சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது? முதலிலிருந்து படித்தவர்கள் சிலர். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டவர்கள் பலர்.

வேலை போட்ட இடங்களும் அப்படித்தான். பெரிய பெயர் பெற்ற போதனா ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். முதியோர் வார்டு, மனநோய் ஆஸ்பத்திரி, ஊருக்கு வெளியே நாள்பட்ட நோயாளிகளை வைத்திருக்கும் இடம், அதிலும் இரவு டியூட்டி என்று உள்ளூர்ப் பெண்கள் ஒதுக்கிய இடங்களெல்லாம் இவர்களுக்கு. 1980-களின் கடைசியில் நர்ஸ் கல்வியையே மாற்றி அமைத்தபோது எஸ்.இ.என். பயிற்சி நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே இருந்தவர்கள் மாற்றுப் படிப்புப் படித்து முதல் தரத்துக்கு வரலாம் என்று வழி செய்தார்கள். நாற்பது வயதுக்கு மேல், வீட்டையும் இரவு டியூட்டியையும் வைத்துக்கொண்டு மறுபடியும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கினார்கள் பலர்.

பிள்ளைகளை எங்கே விடுவது?

இன்னொரு சங்கதி நம்மவர்கள் அதிகம் அறியாதது. 1950-களிலும் 60-களிலும் நைஜீரியா, கானா நாடுகளிலிருந்து கணவனும் மனைவியுமாகப் படிக்க வந்தவர்கள் ஏராளம். கணவர் சட்டமோ கணக்கியலோ படிப்பார். மனைவி நர்ஸ் பயிற்சியில் இருப்பார். பயிற்சியில் இருக்கும் பெண் நர்ஸ் ஹாஸ்டலில் தங்க வேண்டும். வாடகைக்கு அறை தேடினால், கறுப்பர்களுக்கு இல்லை, குழந்தைகளுக்கு இல்லை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்த காலம். பிள்ளை பிறந்தால் எங்கே வைத்துக்கொள்வது?

'நர்ஸரி வேர்ல்டு' என்ற பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைக்கு அன்பான வீடு தேவை, வாரத்துக்கு இத்தனை பவுன் தரப்படும் என்று. கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கத்துச் சிறிய ஊர்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் குழந்தைகளை வாங்கிக்கொண்டன. மேற்கு ஆப்பிரிக்காவில் பிள்ளையைப் பெரியம்மா வீட்டிலும் பாட்டி வீட்டிலும் விட்டு வளர்ப்பது சர்வ சாதாரணம். அதே நினைப்பில்தான் இந்தத் தாய்மாரும் செய்தார்கள். ஆனால் பாட்டி வீடு வேறு, முன்பின் தெரியாத வீடு வேறு.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்ப்பார்கள். குழந்தை வளர்ப்புத் தாயின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். தாய் பேசும் யொரூபா மொழியோ இக்போ மொழியோ அதற்குத் தெரியாது. படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும் சமயத்தில் பிள்ளையை அழைத்துப் போக வந்தால் கோர்ட்டு வரை போன வழக்குகளும் உண்டு. சில வீடுகளில் பிள்ளைகள் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். சில வீடுகளில் பட்ட அவதியைப் பெரியவர்களான பிறகு புத்தகமாகவும் படமாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஊரார் குழந்தைகளைக் குளிப்பாட்டச் சம்பளம் வாங்கிய பெண், தன் குழந்தையைக் குளிப்பாட்ட இன்னொருத்திக்குச் சம்பளம் கொடுத்தாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை.

மருந்து இல்லாத ஆஸ்பத்திரி

1980-களில் நிலைமை மாறிவிட்டது. அதுவரை படித்துவிட்டுத் திரும்புவது வழக்கமாக இருந்தது. இப்போது ஊரிலேயே படித்து முடித்தவர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். கானாவின் செடியும் நைஜீரியாவின் நைராவும் மதிப்பிழந்தன. உலக வங்கியும் நிதி நிறுவனமும் விதித்த சிக்கனத்தில் அரசு ஆஸ்பத்திரிகள் வற்றிப் போயின. கையுறை இல்லை, ஊசி இல்லை, சில இடங்களில் தண்ணீரே இல்லை. அடுத்தாற்போல் எய்ட்ஸ் வந்தது. மலாவி போன்ற சிறிய நாடுகளில் நர்ஸுகள் ஒரு பக்கம் நோயில் இறந்தார்கள். இன்னொரு பக்கம் விமானம் ஏறினார்கள். 2004-ல் மலாவி அரசு, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் பண உதவியோடு, சுகாதார ஊழியர்களின் சம்பளத்தில் 52 சதவிகிதம் கூட்டிக் கொடுத்துத்தான் ஓரளவு நிறுத்தி வைத்தது. ஒரு கையால் ஆளை அழைத்துக்கொண்டு, மறு கையால் ஆள் போகாமல் இருக்கப் பணம் கொடுத்தது பிரிட்டன். வேடிக்கைதான்.

1997-ல் தென்னாப்பிரிக்க ஜனாதிபதி நெல்சன் மண்டேலா, எங்கள் நர்ஸுகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று பிரிட்டனைக் கேட்டுக்கொண்டார். 2001-ல் பிரிட்டன் ஒரு நடைமுறை விதி கொண்டுவந்தது. ஏழை நாடுகளில் போய் ஆள் பிடிக்கக் கூடாது என்றது விதி. அரசு ஆஸ்பத்திரிகளை அது கட்டுப்படுத்தியது. தனியார் முதியோர் இல்லங்களையும் ஏஜென்சிகளையும் அப்போது கட்டுப்படுத்தவில்லை. அதே சமயத்தில், 2000-ம் ஆண்டுத் திட்டத்தில், இன்னும் 20,000 நர்ஸுகள் வேண்டும் என்று அரசே இலக்கு வைத்திருந்தது. முன்வாசல் பாதி சாத்தியிருந்தது. பக்கவாசல் முழுவதும் திறந்திருந்தது.

பக்கவாசலில் நுழைந்தவர்கள் பட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டில் படித்த நர்ஸ், பிரிட்டிஷ் கவுன்சிலில் பதிவு பெறுவதற்கு முன் சில மாதங்கள் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும் என்று அப்போது விதி. இதற்கு 'அடாப்டேஷன்' என்று பெயர். இந்த இடத்தைக் கொடுக்கும் அதிகாரம் முதியோர் இல்ல முதலாளிகள் கையிலும் இருந்தது. கேட்க வேண்டுமா? இடத்துக்குக் கட்டணம், தங்கும் அறைக்குப் பிடித்தம், கையெழுத்துப் போட மேலும் சில மாதம் என்று இழுத்தார்கள். பத்து வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்கள், பதினைந்து வருஷம் பிரசவம் பார்த்தவர்கள், முதியவர்களுக்குக் கால் கழுவித் துடைக்கும் உதவியாளர் சம்பளத்தில் உட்கார்ந்தார்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் வெளிநாட்டு நர்ஸுகளே தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, 'எங்களுக்கு மரியாதை வேண்டும்' என்பது.

ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள் கதை இன்னும் கசப்பு. 2000-க்குப் பிறகு அந்த நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. நர்ஸுகள் மட்டுமல்ல, டீச்சர்கள், பாங்க் குமாஸ்தாக்கள், அரசாங்க அதிகாரிகள் எல்லோரும் பிரிட்டனுக்கு ஓடினார்கள். 2002 நவம்பரில் விசா கட்டாயமான பிறகு அந்த வழியும் குறுகியது. வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை முதியோர் பராமரிப்பு. இந்த வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து, "பி.பி.சி.யில் சேர்ந்துவிட்டாயா?" என்று தங்களுக்குள் கேலி செய்துகொள்வார்கள். லண்டன் ரேடியோ அல்ல. வெள்ளைக்காரர்களின் பின்புறம் கழுவுகிறவர்கள் என்பதன் சுருக்கம். தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் ஷோனா மக்கள். 2008-ல் ஹராரேயின் பெரிய ஆஸ்பத்திரிகளே செயலிழந்து நின்றபோது, காலராவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வார்டுகளில் நிற்க வேண்டியவர்களில் பலர் அப்போது இங்கிலாந்தில் இரவு டியூட்டியில் இருந்தார்கள். இதையும் அவர்கள் மறக்கவில்லை.

"ஸாரி" சொன்னால் குற்றமா?

வார்டுக்குள் போவோம். ஆப்பிரிக்காவின் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில், நம் ஊரைப் போலவே, நோயாளியோடு வீட்டார் ஒருவர் துணைக்கு இருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவர் வேலை. நர்ஸ் மருந்து கொடுப்பார், குளுக்கோஸ் ஏற்றுவார், பிரசவம் பார்ப்பார், டாக்டர் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரியில் பாதி டாக்டராகவே இருப்பார். பிரிட்டனிலோ நோயாளியின் உடம்பைத் துடைத்து விடுவதும் வாயில் ஊட்டுவதும் நர்ஸிங்கின் முதல் பாடம். அங்கே போன ஆப்பிரிக்க நர்ஸுக்கு இரட்டை அதிர்ச்சி. தெரிந்த வேலையைச் செய்யாதே, இன்னும் எங்கள் சான்றிதழ் வாங்கவில்லை என்பார்கள். அவர் உதவியாளர் வேலை என்று நினைத்திருந்ததை முதலில் செய் என்பார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது அடுத்தது. எழுபது வயதுக் கிழவரை "ஜான்" என்று அழைக்க வேண்டும். கானாவில் வளர்ந்த பெண்ணுக்கு நாக்கு எழுமா? அவரிடம் 'ஐயா' என்றால் நோயாளிக்குச் சங்கடம். இருபது வயது உதவியாளர் இவரைப் பெயர் சொல்லி அழைத்தால் இவருக்குச் சங்கடம்.

'ஸாரி' என்ற சொல் செய்த குழப்பம் கேளுங்கள். நைஜீரியாவிலும் கானாவிலும் எதிரில் இருப்பவர் தடுக்கி விழுந்தாலோ, கையைச் சுட்டுக்கொண்டாலோ, பார்த்தவர் உடனே "ஸாரி" என்பார். 'அடடா, பாவம்' என்று அர்த்தம். பிரிட்டனில் ஸாரி என்றால் தப்பு என்னுடையது என்று பொருள். நோயாளி வழுக்கி விழ, நர்ஸ் ஓடி வந்து "ஸாரி, ஸாரி" என்றால், இவள்தான் தள்ளிவிட்டாளோ என்று எண்ண இடமுண்டு. உச்சரிப்பு புரியவில்லை என்ற புகார் தனி. இங்கிலீஷிலேயே பள்ளிப் படிப்பு முழுவதும் படித்தவர்களை, மறுபடியும் இங்கிலீஷ் பரீட்சை எழுது என்று உட்கார வைக்கிறார்கள். 2021-ல் கென்யா அரசு, வேலையில்லாத தன் நர்ஸுகளை பிரிட்டனுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டது. இங்கிலீஷ் பரீட்சைக்குப் போன 300 பேரில் 10 பேர்தான் தேறினார்கள் என்று அந்த நாட்டுச் சுகாதார மந்திரியே சொல்ல நேர்ந்தது.

இதெல்லாம் கஷ்டம் மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. வார்டில் நாலு ஆப்பிரிக்கப் பெண்கள் இருந்துவிட்டால் இரவு டியூட்டி சாப்பாட்டு வேளை களை கட்டிவிடும். ஜொல்லோஃப் சோறு நல்லது கானாவிலா, நைஜீரியாவிலா என்று ஆரம்பித்தால் விடியும் வரை தீராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதே பெண் பளபளக்கும் தலைக்கட்டோடு வந்து நிற்கையில், வார்டில் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியாது.

சீட்டும் வீடும்

மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களிடம் 'சுசு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. யொரூபா மக்கள் 'எசுசு' என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுவார்கள். மாதம் ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார். நம் வீட்டுச் சீட்டேதான். பாங்குக்காரன் கடன் கொடுக்க யோசித்த காலத்தில், இந்தச் சுசுப் பணத்தில்தான் ஊரிலிருந்து தம்பிக்கு டிக்கெட் எடுத்தார்கள், வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள்.

ஊரில் வீடு கட்டுவது இவர்களுடைய பெரிய கனவு. குமாசியிலும் ஹராரேயிலும் நர்ஸ் பணத்தில் எழும்பிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. மேற்பார்வை அண்ணனிடமோ மைத்துனனிடமோ இருக்கும். சிமெண்டுக்கு அனுப்பிய பணம் சிமெண்டுக்குத்தான் போயிற்றா என்பது லீவில் போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும். சில வீடுகளில் அஸ்திவாரம் மட்டும் நின்றிருக்கும். மும்பையிலும் டில்லியிலும் இருந்துகொண்டு திருநெல்வேலிப் பக்கம் வீடு கட்டியவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள்.

பணத்துக்காக ஏஜென்சி மூலம் கூடுதல் ஷிப்ட் பார்ப்பது வழக்கம். வாரத்தில் ஐந்து நாள் ஓர் ஆஸ்பத்திரி, சனி ஞாயிறு இரவு வேறோர் இடம். வெளிநாடு போய் வந்தவர்களை மேற்கு ஆப்பிரிக்காவில் 'பீன்-டு' என்பார்கள். போய் வந்தவர் என்று பொருள். பீன்-டு என்றால் கையில் காசு இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. பள்ளிக் கட்டணம், ஆபரேஷன், சாவுச் செலவு எல்லாவற்றுக்கும் போன் வரும். கானாவில் சாவுச் சடங்கு கல்யாணத்தைவிடப் பெரிய செலவு. லண்டனில் இருப்பவர் இல்லை என்று சொன்னால் நம்புகிறவர் யார்?

கைதட்டலும் கட்டணமும்

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, பிரிட்டனில் வியாழக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு ஜனங்கள் வாசலுக்கு வந்து ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காகக் கைதட்டினார்கள். அந்த ஏப்ரலில் ஒரு மருத்துவப் பத்திரிகை, இறந்துபோன நூற்றுக்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்களின் விவரங்களைப் பார்த்தது. நர்ஸுகள், மருத்துவச்சிகளில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். பிலிப்பைன்ஸ் பெண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும் அதில் நிறைய.

கைதட்டிய அதே சமயத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. விசாவில் இருக்கும் வெளிநாட்டார் ஒவ்வொருவரும் சுகாதார சர்வீஸைப் பயன்படுத்துவதற்கு வருஷத்துக்கு 400 பவுன் தனிக் கட்டணம் அப்போது கட்ட வேண்டியிருந்தது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே. அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸுக்கும் விலக்கு இல்லை! எதிர்ப்புக் கிளம்பி, 2020 மே மாதம்தான் சுகாதார ஊழியர்களுக்கு அதை ரத்து செய்தார்கள்.

அதன் பிறகு வந்தது பெரிய அலை. 2020 ஆகஸ்டில் சுகாதார ஊழியர்களுக்கென்று தனி விசா தொடங்கியது. பிரிட்டிஷ் பதிவேட்டில் நைஜீரியாவில் படித்த நர்ஸுகளின் எண்ணிக்கை 2022 மார்ச்சில் ஏழாயிரத்துக்குச் சற்று மேல். 2024 மார்ச்சில் பதின்மூவாயிரத்தைத் தாண்டியது. வெளிநாட்டில் படித்தவர்களில் இந்தியா, பிலிப்பைன்ஸுக்கு அடுத்த இடம் நைஜீரியாவுக்கு. அங்கே இதற்கு 'ஜாபா' என்றே ஒரு சொல் புழங்குகிறது. யொரூபா மொழியில், ஓடித் தப்பு என்று பொருள்.

இத்தனைக்கும் நைஜீரியாவும் கானாவும் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. 2023 மார்ச்சில் புதுப்பித்தபோது 55 நாடுகள் அதில் இடம்பெற்றன. ஜிம்பாப்வே புதிதாகச் சேர்ந்தது. அந்த நாடுகளுக்குப் போய் ஆள் எடுக்கக் கூடாது. ஆனால் நர்ஸ் தானாக மனுப் போட்டால் தடையில்லை. ஆகவே எல்லோரும் தானாகவே மனுப் போடுகிறார்கள்.

ஊர் அரசாங்கங்கள் கதவை அந்தப் பக்கமிருந்து சாத்தப் பார்த்தன. வெளிநாட்டில் பதிவு பெற, சொந்த நாட்டுக் கவுன்சில் சான்றளிக்க வேண்டும். படித்து முடித்து இரண்டு வருஷம் ஊரில் வேலை பார்த்த பிறகே அந்தச் சான்று என்று 2024 பிப்ரவரியில் நைஜீரியக் கவுன்சில் உத்தரவு போட்டது. அபுஜாவிலும் லாகோஸிலும் நர்ஸுகள் வீதிக்கு வந்தார்கள். சம்பளத்தைக் கூட்டு, பிறகு பூட்டைப் போடு என்பது அவர்கள் வாதம். ஜிம்பாப்வேயின் துணை ஜனாதிபதி 2023-ல், ஆளெடுப்பையே குற்றமாக்கப் போவதாகச் சொன்னார். கானாவில் விசித்திரம் வேறு விதம். படித்த நர்ஸுகளுக்குக் கொடுக்க அரசிடம் சம்பளப் பணம் இல்லை. 2020-ல் 95 நர்ஸுகளை ஒப்பந்தம் போட்டு பார்படோஸ் தீவுக்கு அனுப்பியது. ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் வேலையில்லாத நர்ஸ்!

பிரிட்டனில் காற்றும் திரும்பியது. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்பு உதவியாளர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். நர்ஸுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் நர்ஸாகப் படித்துவிட்டு, விரைவில் போக வேண்டும் என்று உதவியாளர் விசாவில் போனவர்கள் பலர் நடுவழியில் நிற்கிறார்கள்.

பதவி உயர்வு விஷயம்? 2015 முதல் பிரிட்டிஷ் சுகாதார சர்வீஸே வருஷா வருஷம் கணக்கு வெளியிடுகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களில் வெள்ளையருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகவே இருந்து வருகிறது. சிஸ்டராகவும் மேட்ரனாகவும் அதற்கு மேலும் உயர்ந்த ஆப்பிரிக்கப் பெண்கள் இன்று முன்பைவிட அதிகம்தான். நைஜீரியத் தகப்பனாருக்கும் ஐரிஷ் தாய்க்கும் பர்மிங்ஹாமில் பிறந்த எலிசபெத் அனியொன்வு, 1979-ல் சிக்கிள் செல் ரத்த நோய்க்கென்று நாட்டின் முதல் ஆலோசனை நர்ஸாக அமர்ந்து, பேராசிரியராகி, 2017-ல் 'டேம்' பட்டமும் பெற்றார்.

பென்ஷன் கணக்கு

1960-களில் வந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். ஊரில் வீடு தயார். போய் இருக்கலாமே என்றால் அதிலும் ஒரு முடிச்சு. ஆஸ்பத்திரி சர்வீஸுக்கான பென்ஷன் எங்கே இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் விலைவாசிக்கேற்ப உயரும். ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டி வாங்கும் அரசு பென்ஷன் அப்படியல்ல. பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் இல்லாத நாட்டில் குடியேறினால், போன அன்றைக்கு என்ன தொகையோ அதுவே கடைசி வரை. நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே, ஏன் இந்தியாவும், அந்த ஒப்பந்தம் இல்லாத நாடுகள்தான். அமெரிக்காவிலோ ஸ்பெயினிலோ போய்க் குடியேறிய வெள்ளைக்கார நர்ஸுக்கு வருஷா வருஷம் உயர்வு கிடைக்கிறது. குமாசிக்குத் திரும்பிய கானா நர்ஸுக்கு இல்லை. பிரிட்டனுக்கே திரும்பி வந்து வசித்தால் முழுத் தொகை தருகிறார்கள்.

ஆகவே, கட்டிய வீட்டைப் பூட்டி, சாவியை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டு, லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் உண்டு. உடம்புக்கு முடியாமல் போனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவள், பெரும்பாலும் போன வருஷம் லாகோஸிலிருந்தோ ஹராரேயிலிருந்தோ வந்து இறங்கிய பெண்ணாகத்தான் இருக்கிறாள். அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஆன்ட்டி" என்கிறாள்.